ஒயரைக் கழற்றிக் காட்டிய கடை

என் பிளாக்கில் ரைட் கிளிக் வேலை செய்யாது. யாராவது படத்தின்மேல் மவுஸை வைத்து அமுக்கினால் ஒரு பெட்டி குதித்து வந்து நிற்கும்: "இங்குள்ள படங்கள் உரிமை பெற்றவை. அனுமதியின்றி எடுப்பது திருட்டு." அந்த வாசகத்தை நான்தான் எழுதினேன். எவனோ எழுதி வைத்திருந்த நிரலைக் காப்பியடித்து ஒட்டி, இரண்டு நாள் மல்லுக்கட்டி, அது வேலை செய்ததும் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ சொன்னேன். ஊருக்குத்தான் உபதேசம். அந்தப் பிளாக்கில் இருந்த படங்களில் ஒன்றைக்கூட நான் எடுக்கவில்லை.

இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அதுவும் நானாக யோக்கியமாகிச் சொல்லவில்லை. ஒரு பெண் வந்து என் எதிரில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் சொன்னேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் என்னைப் பெரிய மனுஷி என்று நினைத்துவிடுவார்கள்.

நான் பிறந்தது பழனிப் பக்கம் பாலசமுத்திரம், வாக்கப்பட்டது கொடைக்கானல். பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலேறும் சந்தில் மூன்று கம்ப்யூட்டர் போட்டு ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பெயர்தான் பிரவுசிங். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது இங்கிலீஷ் லெட்டர். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சீட் கேட்டு, வேலை கேட்டு, ஹோட்டல்காரர் பாக்கி வைத்த காய்கறிப் பணத்தைக் கேட்டு என்று வருவார்கள். அவர்கள் தமிழில் சொல்வார்கள், நான் இங்கிலீஷில் அடிப்பேன், அடித்ததைத் தமிழில் படித்துக் காட்டுவேன், கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். நான் என்ன அடித்தேன் என்று சரிபார்க்க அவர்களுக்கு வழி கிடையாது. என் வாயை நம்பித்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

மழைக்காலத்தில் கடைக்கு ஒரு ஈ காக்கா வராது. அப்படி ஒரு மழையில்தான் பிளாக் ஆரம்பித்தேன். தமிழில் இணையத்தில் எழுதலாம், பத்திரிகைக்கு அனுப்பிவிட்டுத் தபால்காரர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதே அப்போது பெரிய அதிசயம். எழுத்துரு சரியாக இல்லாத கம்ப்யூட்டரில் நான் எழுதியது கட்டம் கட்டமாகத் தெரியும். அப்படியும் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து படித்தார்கள். ஒரு புனைபெயரை வைத்துக்கொண்டு, மஞ்சு இறங்குவதையும் செண்பகனூர் வளைவில் டவுன் பஸ் திணறுவதையும் எழுதினேன். "அக்கா, ஊர் ஞாபகம் வந்துடுச்சு" என்று யாராவது பின்னூட்டம் போட்டால் அன்றைக்குச் சமையலில் உப்பு தப்பும். பக்கத்தின் அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண்ணைப் பார்க்கவே காலையில் கடையை வெள்ளனே திறந்துவிடுவேன். என் வீட்டுக்காரரைத் தவிர ஊரில் யாருக்கும் அது நான்தான் என்று தெரியாது.

பிறகு எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள்: "படம் போடுங்க அக்கா." என்னிடம் கேமரா இல்லை.

என்னிடம் வந்த படங்கள் இருந்தன. வியூ பாயிண்டில் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, "சார், ஒரு போட்டோ, பத்தே நிமிஷம்" என்று டூரிஸ்டுகளின் பின்னால் ஓடுவார்களே, அந்தப் போட்டோகிராபர்களில் ஒருவர் என் கடைக்கு வாடிக்கையாக வருவார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணே என்பேன். ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்த புதிது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு மெமரி கார்டு. அது நிறைந்ததும் என்னிடம் கொண்டுவருவார். நான் கம்ப்யூட்டரில் ஏற்றி, அங்கிருந்து சிடியில் எழுதிக் கொடுத்து, கார்டைக் காலி பண்ணித் தருவேன். அதன்பிறகு கம்ப்யூட்டரில் இருப்பதை அழிக்க வேண்டும். அதுதான் முறை. நான் அழிக்கவில்லை.

முதலில் ஒரு பைன் மரப் படம் போட்டேன். என்னுடையது என்று எழுதவில்லை. என்னுடையது இல்லை என்றும் எழுதவில்லை. "என்ன கேமரா வச்சிருக்கீங்க அக்கா?" என்று ஒருவர் கேட்டார். பதிலுக்கு ஒரு சிரிப்பு பொம்மையைப் போட்டேன். அந்தப் பொம்மையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

ஒரு தை மாதம் அவர் காலையில் வந்தார். ஸ்வெட்டரெல்லாம் புகை வாசனை. மேல்மலையில் மாமனார் வீட்டுப் பூண்டுக் காட்டு வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டு நேராக வருகிறார்.

"தங்கச்சி, இதக் கொஞ்சம் பாருங்க. நேத்து காலையில எடுத்தது. ராத்திரி வாளித் தண்ணி மேல ஐஸ் புடிச்சுக் கெடக்கு. எங்க வீட்ல அதத் தட்டு மாதிரி அப்படியே தூக்கி, வெயிலுக்கு நேராப் புடிச்சுப் பாத்துச்சு. நான் கேமராவத் தூக்குறதுக்குள்ள உருகிருமோன்னு ஆயிப்போச்சு."

படத்தில் ஒரு பெண் வட்டமான பனித்தகட்டை இரண்டு கையாலும் முகத்துக்கு நேராகப் பிடித்திருக்கிறாள். முகம் தெரியவில்லை. தகட்டுக்குள் சூரியன் மஞ்சளாகக் கலங்கியிருக்கிறது. பின்னால் உறைபனி விழுந்து வெளுத்த பூண்டுப் பாத்தி. நான் பார்த்த அத்தனை கொடைக்கானல் படத்திலும் அதுதான் படம். அவருக்கும் அது தெரிந்திருந்தது. அவர் கிளம்பிப்போன அரை மணி நேரத்தில் அதை என் பிளாக்கில் ஏற்றினேன். நானே மேல்மலைக்குப் போய், குளிரில் நின்று, அந்தப் பெண்ணிடம் பேசியதுபோல நாலு பத்தி எழுதினேன். படத்தின் குறுக்கே என் பிளாக்கின் பெயரையும் வெள்ளை எழுத்தில் அடித்தேன், யாரும் திருடிவிடக் கூடாது என்று.

பின்னூட்டம் குவிந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு வாரப் பத்திரிகை அந்தப் படத்தை, என் பிளாக்கின் பெயர் இருந்த பகுதியை மங்கலாக்கிவிட்டு, பனிக்காலக் கட்டுரைக்குப் போட்டுக்கொண்டது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. "அச்சில் இருப்பவர்களுக்கு இணையத்தில் எழுதுகிறவர்கள் என்ன கிள்ளுக்கீரையா?" என்று பதிவு போட்டேன். பிளாக் எழுதுகிற அத்தனை பேரும் எனக்காகக் கொடி பிடித்தார்கள். படைப்பாளியின் உரிமை, உழைப்பு என்று ஆளாளுக்குப் பதிவு எழுதினார்கள். அந்தப் பத்திரிகைக்கு நாற்பது ஐம்பது மின்னஞ்சல் போயிருக்கும். கடைசியில் அவர்கள் ஒரு மூலையில் வருத்தம் தெரிவித்து, படத்தின் உரிமையாளர் என்று என் பிளாக்கின் பெயரைப் போட்டார்கள். அதை வெட்டி மேஜை டிராயரில் வைத்துக்கொண்டேன். அந்தச் சண்டையில் நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் நான் உண்மையாகவே நம்பினேன். இதை இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்த சீசனுக்கு முன்னால் அண்ணன் கையில் ஒரு கவரோடு வந்தார். ஊரில் அப்போது இருந்த ஒரு பெரிய ஹோட்டல் போட்டோப் போட்டி நடத்தியிருந்தது. ஜெயிக்கிறவரை ஹோட்டலிலேயே சம்பளத்துக்குப் போட்டோகிராபராக வைத்துக்கொள்வார்கள். பனித்தகட்டுப் படத்தை அனுப்பியிருந்தார், முதல் பரிசு அவருக்குத்தான் என்று வாய்ச்சொல்லாகச் செய்தியும் வந்திருந்தது. வீட்டில் பாயசம்கூட வைத்துவிட்டார்கள். இப்போது இங்கிலீஷில் ஒரு லெட்டர் வந்திருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றார்.

படித்தேன். இந்தப் படம் ஏற்கெனவே இன்னொருவரின் பெயரில் இணையத்தில் வந்தது, வாரப் பத்திரிகையும் அதை உறுதிசெய்திருக்கிறது, ஆகவே உங்கள் பெயரை நீக்குகிறோம், விளக்கம் இருந்தால் எழுதலாம் என்று இருந்தது. அந்த இன்னொருவரின் பிளாக் பெயரும் இருந்தது. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தமிழில் சொன்னேன்.

அவர் என் மேஜையில் மோடத்தின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்ததையே பார்த்தார்.

"தங்கச்சி, நம்ம படத்த ஏத்துறப்ப இந்த ஒயரு மாட்டித்தான இருந்துச்சு? அது வழியா அதுவா நெட்டுக்கு ஏறிப் போயிருக்குமோ?"

நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். "இல்லண்ணே, நான்தான்" என்று இரண்டே சொல். அதற்குப் பதிலாக, "சில நேரம் போகும்ணே" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று தலையை ஆட்டினார். என்மேல் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பிறகு அவர் சொல்லச் சொல்ல விளக்கக் கடிதத்தை அடித்தேன். படம் எடுத்த ஊர், நாள், எடுத்த கேமரா, படத்தில் இருப்பது தன் மனைவி என்பது எல்லாவற்றையும் ஒழுங்காக அடித்தேன். கடைசியாக அவர் சொன்னார்:

"இதையும் போடுங்க. நான் கார்டக் கொண்டாந்து மொதமொத காட்டுனது கம்ப்யூட்டர் கடைத் தங்கச்சிகிட்ட. அவுகளக் கேட்டுப் பாருங்க, அவுக சாட்சி, அப்படின்னு."

என் விரல் அதற்குள் 'தங்கள் உண்மையுள்ள' என்பதற்குப் போய்விட்டது.

"போட்டாச்சா?"

"போட்டாச்சுண்ணே."

வழக்கம்போலத் தமிழில் படித்துக் காட்டினேன். தாளில் இல்லாத அந்த வரியையும் சேர்த்தே படித்தேன். அவர் இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டு, ஒன்றை ஹோட்டலில் கொடுத்துவிட்டு, மற்றதை ஹோட்டல் லெட்டரோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டில் வைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து வந்து, "ஹோட்டல்லருந்து போன் பண்ணிக் கேட்டாங்களா?" என்றார். "கேட்டாங்கண்ணே. உங்க படம்தான்னு சொன்னேன்" என்றேன். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் நன்றாகவே மறைந்தது.

வேலை வேறு யாருக்கோ போனது. வியூ பாயிண்டில் சக போட்டோகிராபர்கள் அவருக்கு 'இன்டர்நெட்டு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நெட்டில் இருந்து படத்தை எடுத்துத் தன்னுடையது என்று சொன்னவர் என்று அர்த்தம். குதிரைக்காரர்கள் வரைக்கும் அந்தப் பெயர் பரவியது. அவர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. "கம்ப்யூட்டர் கடைத் தங்கச்சி எனக்குச் சாட்சி சொல்லிருக்கு. அது போதும்" என்று மட்டும் சொல்வாராம். இதை ஒரு குதிரைக்காரர் வந்து என்னிடமே சொன்னார்.

அதற்குப் பிறகும் அவர் என் கடைக்குத்தான் வந்தார். உள்ளே நுழைந்ததும், "தங்கச்சி, ஒயரு" என்பார். நான் எழுந்து மோடத்திலிருந்து ஒயரைப் பிடுங்கி, அவர் கண்ணுக்குத் தெரியும்படி மேஜைமேல் வைப்பேன். அப்புறம்தான் கார்டைக் கையில் கொடுப்பார். மற்ற கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறவர்கள், "என்ன மேடம், நெட்டு போயிருச்சு" என்று சத்தம் போடுவார்கள். "அஞ்சு நிமிஷம் பொறுங்க" என்று நானும் அதட்டுவேன். அவர் படங்களை மறுபடி நான் தொடவில்லை, அவர் எதிரிலேயே அழித்துக் காட்டினேன். யாருக்காக என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு கொத்து மலைப்பூண்டு கொண்டுவந்து தருவார். "எங்க வீட்ல குடுத்துவிட்டுச்சு. நமக்காகச் சாட்சி சொன்னவுகளுக்குன்னு." அதையும் வாங்கிக்கொண்டேன். ரசத்தில் தட்டிப் போட்டுச் சாப்பிட்டேன். வேறென்ன சொல்ல.

பிறகு எல்லோர் கையிலும் கேமரா போன் வந்தது, வியூ பாயிண்டில் அவரை யாரும் கூப்பிடவில்லை. இப்போது ஒரு காட்டேஜில் வாட்ச்மேன். பிளாக்குகளும் ஓய்ந்துபோயின. நானும் எழுதுவதை விட்டேன். ஆனால் பிளாக் அப்படியே கிடக்கிறது. கடை இப்போது ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஓடுகிறது.

இந்த வருஷப் பனியில் ஒரு மத்தியானம், அவருடைய மகள் கடைக்கு வந்தாள். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். சின்ன வயதிலிருந்தே என்னை அத்தை என்பாள்.

"அத்தை, ஒரு சோலியா வந்தேன். அப்பா படங்களையெல்லாம் சேத்து போன்ல ஒரு பக்கம் ஆரம்பிச்சிருக்கேன். சிடியெல்லாம் பூஞ்சை புடிச்சுப் போச்சு. அம்மா ஐஸ் புடிச்சிருக்கற படம் மட்டும் வேணும்."

"பழைய ஹார்ட் டிஸ்க்ல பாக்குறேன்மா" என்றேன்.

"நெட்டுல கெடச்சுது அத்தை. எங்க அம்மா மேல குறுக்க ஒரு பிளாக்கு பேரு ஓடுது." பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து என் முன் வைத்தாள். "அதே பேரு ஹோட்டல் லெட்டர்லயும் இருக்கு. அந்தப் பிளாக்க முழுசாப் படிச்சேன். இந்த ஜன்னல்லருந்து தெரியற தண்ணித்தொட்டி, மழையில கூரை ஒழுகுதுன்னு மூணாவது கம்ப்யூட்டர் மேல நீங்க குடைய விரிச்சு வச்சது எல்லாம் அதுல இருக்கு. அப்புறம் அப்பாவோட விளக்க லெட்டரையும் படிச்சேன். நீங்க சாட்சின்னு அதுல போட்டிருக்குன்னு அப்பா இன்னிக்கும் சொல்றாரு. அந்த வரி அதுல இல்ல அத்தை."

குரலை உயர்த்தவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டாள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அந்தச் சமயத்திலும் என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "அந்தப் பிளாக்க இன்னிக்கே அழிச்சுடறேன்மா."

"அழிச்சுறாதீங்க. நீங்க எழுதுனது அப்படியே இருக்கட்டும்." எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "நான் அப்பாகிட்டச் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஞாயித்துக்கிழமை வீட்லதான் இருப்பாரு. நீங்க வாங்க."

ஞாயிற்றுக்கிழமை பெண்டிரைவில் அந்தப் படத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீடு இருக்கும் செண்பகனூருக்கு டவுன் பஸ் ஏறினேன். இறங்கியதும் அப்படியே கீழே பழனிக்குப் போகிற பஸ்ஸில் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். ஐம்பதைத் தாண்டியவள், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற பிள்ளை மாதிரி.

"வாங்க தங்கச்சி, அதிசயமா இருக்கு" என்று அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மனைவி டீ போட உள்ளே போனார். மகள் கதவோரம் நின்றாள். நான் உட்காராமலே சொன்னேன். சிரிப்பு பொம்மையிலிருந்து விட்டுப்போன வரி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் டீ வந்தது. அவர் மனைவி டம்ளரோடு அப்படியே நின்று கேட்டார்.

அண்ணன் முதலில் கேட்டது நான் எதிர்பார்த்தது இல்லை.

"அப்ப அந்த ஒயரு?"

"ஒயருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லண்ணே."

"நான்தான் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவேன், ஒயரப் புடுங்கச் சொல்லுங்கன்னு" என்றார் அவர் மனைவி, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதவர் போல.

"ஹோட்டல்லருந்து போன் பண்ணிக் கேட்டாங்கன்னீங்களே?" என்றார் அண்ணன்.

"யாரும் கேட்கல. அவங்களுக்கு என்னைத் தெரியவே தெரியாது."

திட்டுவார், கையை ஓங்குவார், போகச் சொல்வார் என்று எல்லாவற்றுக்கும் மனதைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் மகளிடம் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவரச் சொன்னார்.

"அந்த வரிய இப்ப எழுதுங்க மேடம். தமிழ்ல எழுதுங்க. நான் படிக்கணும்."

இருபது வருஷத்துக்குக் கிட்ட என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர். மேடம் என்றது எனக்குக் கேட்டது. எழுதினேன். கடிதம் அடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவளுக்கு அந்த மூன்று வரி எழுதக் கை வரவில்லை. 'இந்தப் படத்தை எடுத்தவர் இவர்தான். எடுத்த மறுநாள் காலை கார்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். இதற்கு நான் சாட்சி.' கீழே கையெழுத்துப் போடப் போனேன்.

"முழுப் பேரு போடுங்க. பிளாக்கு பேரு வேணாம்."

போட்டேன். அவர் தாளை வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இம்புட்டுதானா" என்றார்.

அந்த ஹோட்டல் கைமாறி, இடித்து, இப்போது அந்த இடத்தில் டூரிஸ்ட் வேன்கள் நிற்கின்றன. 'இன்டர்நெட்டு' என்று கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை. அவர் தாளை நாலாக மடித்தார். சட்டைப் பைக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது.

"சரிங்க மேடம். இத இப்ப நான் யார்ட்ட குடுக்க?"

மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.